ஒத்தக்கடைச் சாலைக்கு எந்த நடை?

விளையாட்டுக் கார்களைப் பற்றி இலக்கிய அன்பர்கள் கூடி எழுதும் இடத்தில் என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம்மில் பெரும்பாலோர் மாட்டுத்தாவணியில் இறங்கி, ஒத்தக்கடைக்கு நகரப் பேருந்தில் நின்றபடியே போகிறவர்கள்தாம். கோடி ரூபாய்க் கார் எதுவும் நம் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. ஆயினும் அக்கார்களின் ஸ்டீயரிங்கில், ஓட்டுநரின் கட்டைவிரலுக்கு எட்டும் தொலைவில் இருக்கும் ஒரு சிறு திருகைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. காரணம், அதன் மீது சொற்கள் எழுதப்பட்டிருக்கின்றன. மழை, இயல்பு, ஸ்போர்ட், பந்தயம் என்பன போன்ற சொற்கள். எழுதப்பட்ட சொல் எதுவாயினும் அது விமரிசனத்துக்கு உட்பட்டதே. சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் இதை டிரைவ் மோட் என்கிறார்கள். தமிழில் 'ஓட்டுமுறை' என்றும் 'இயக்க முறைமை' என்றும் எழுதிப் பார்க்கிறார்கள். இரண்டாவதைக் கணினிக்காரர்கள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'நடை' என்னும் சொல் கைவசம் இருக்கும்போது இந்த அலைச்சல் எதற்கு என்பது நம் கேள்வி. மாட்டுக்கும் குதிரைக்கும் நடை உண்டு. எழுத்தாளனுக்கு உண்டு. மிருதங்கக்காரர் நடை மாற்றுவார். ஆதி தாளத்தில் சதுஸ்ர நடையாகப் போய்க்கொண்டிருந்த பல்லவி திஸ்ரத்துக்கு மாறும்போது, தாளத்தின் எட்டு அட்சரமும் எட்டாகவே இருக்கின்றன; ஒவ்வோர் அட்சரத்துக்குள்ளும் நான்காக விழுந்தது மூன்றாக விழுகிறது. காரின் திருகு செய்யும் காரியத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நாம் எந்தத் தொழில்நுட்பக் கையேட்டிலும் பார்த்ததில்லை.

அந்தக் காரியம் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய அம்பாஸடரில் காலடியில் இருந்த ஆக்ஸிலரேட்டருக்கும் கார்புரேட்டருக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. எவ்வளவு மிதித்தோமோ அவ்வளவு திறந்தது. இன்றைய காரில் மிதியின் கீழே இருப்பது ஓர் உணரி. அது கால் எவ்வளவு அழுந்தியது என்று கணினிக்குச் சொல்கிறது. எவ்வளவு திறப்பது என்று கணினி முடிவு செய்கிறது. ஆகவே ஒரே அழுத்தத்துக்கு இயல்பு நடையில் ஒரு பதிலும் ஸ்போர்ட் நடையில் துடுக்கான வேறொரு பதிலும் தர முடிகிறது. கியர் மாறும் தருணம், ஸ்டீயரிங்கின் கனம், அதிர்வுதாங்கியின் இறுக்கம், புகைபோக்கியில் உள்ள மடல் திறப்பது, சக்கரம் வழுக்கும்போது கணினி குறுக்கிடும் எல்லை ஆகிய எல்லாமே இந்தத் திருகுக்குக் கட்டுப்பட்டவை. ஆனால் மிதியை முழுதாக அழுத்திவிட்டால் பெரும்பாலான கார்களில் இயல்பும் ஸ்போர்ட்டும் ஒரே திறனைத்தான் தருகின்றன. தாளம் அதுவே, உள்ளே விழும் சொற்கட்டுதான் வேறு. ஸ்போர்ட்டில் கார் வேகமாகிவிட்டது என்று உரிமையாளர் உணர்வதில் பெரும்பங்கு, காலை லேசாக வைத்ததுமே அது துள்ளுவதால் வருவது.

இதில் ஏமாற்று ஏதும் இல்லை என்று வாதிடலாம். ஒரு சரித்திரத்தைச் சொல்லிவிட்டு அதற்கு வருவோம். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2005 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்த எம்5 காரில் ஐந்து லிட்டர், பத்து சிலிண்டர் எஞ்சின். திறன் 507 குதிரைகள். ஆனால் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அந்தக் கார் 400 குதிரைகளோடுதான் எழுந்திருக்கும். மிச்சமுள்ள 107 வேண்டுமென்றால் ஓட்டுநர் அதற்கென்று ஒரு பொத்தானை அழுத்திக் கேட்க வேண்டும். வீட்டிலிருந்து அலுவலகம் போக 400 போதாதா என்று கார் தினமும் காலையில் ஒருமுறை கேட்பதுபோல் இருக்கிறது இந்த ஏற்பாடு. கேட்டவர் யாரோ, அவர் வாழ்க்கை தெரிந்தவர். அதே பெயரில் 2011-இல் அடுத்த தலைமுறைக் கார் வந்தது. டர்போ பொருத்திய எட்டு சிலிண்டர் எஞ்சின், இன்னும் வலிமையானது. ஆனால் காரின் உட்பகுதி அமைதியாகிவிட்டது. எஞ்சின் உறுமல் காதில் விழாவிட்டால் வாங்கியவர் மனம் நோகும் அல்லவா? ஆகவே இசை கேட்பதற்காக வைத்திருந்த ஒலிபெருக்கிகளின் வழியே எஞ்சின் ஓசையை உள்ளே ஒலிக்க விட்டார்கள். கதை அல்ல, நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லி விற்ற வசதி இது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

ஆறே ஆண்டுகளில் ஒரே பெயருக்குள் நடந்த இந்த மாற்றத்தைத்தான் நாம் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். முதற்கார் தன் வலிமையில் ஒரு பகுதியைத் தானே மடித்து வைத்துக்கொண்டது. இரண்டாவது தன்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்பதுபோல் காட்டியது. முதலாவதை நடை என்போம். இரண்டாவது பின்னணி இசை. மலிவான திரைப்படத்தில் கதாநாயகன் வெறுமனே நடந்து வரும்போது வாசிப்பார்களே, அந்த ரகம். உரைநடையிலும் இதைக் கண்டிருக்கிறோம். சொல்ல ஏதுமில்லாத இடத்தில்தான் சொற்கள் உறுமத் தொடங்கும்.

மதுரைக்காரர்கள் இந்த விவகாரத்துக்கு அந்நியர்கள் அல்லர். 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் ஊன்றிய நிறுவனத்தின் வழிவந்ததே இன்று ஓசூரில் இருசக்கர வண்டிகள் செய்யும் டி.வி.எஸ். மோட்டார். அவர்களது அப்பாச்சி ஆர்.ஆர். 310 பைக் 2017 டிசம்பரில் வந்தபோது நடை எதுவும் தேர்ந்தெடுக்க இயலாது. 2020 ஜனவரியில் வந்த திருத்திய வடிவத்தில் நான்கு நடைகளை வைத்தார்கள்: மழை, நகரம், ஸ்போர்ட், பந்தயத் தடம். கோடி ரூபாய்க் கார்களில் பலவும் செய்யாத ஒன்றை இந்தப் பைக் செய்தது. மழையிலும் நகரத்திலும் 25.8 குதிரைத் திறனுக்கு மேல் தர மறுத்துவிட்டது. மற்ற இரண்டில் 34. அதாவது இங்கே தாளமே மாறுகிறது. மழை நடையில் பிரேக்கின் வழுக்குத் தடுப்பும் முன்கூட்டியே குறுக்கிடும். தடத்துக்கான நடையில் தாமதித்து வரும். ஏறத்தாழ மூன்று லட்ச ரூபாய் வண்டியில் இத்தனை நேர்மை கிடைத்தது என்பதைப் பதிவு செய்வது நம் கடமை. (அடுத்த ஆண்டே வேறொரு இந்திய நிறுவனம் தன் பெரிய வண்டியின் நடைகளுக்கு ஜிப், ஜாப், ஜூம் என்று பெயர் சூட்டியது. குழந்தைப் பாடல் எழுதுகிறவர்கள்கூட இதைத் திருத்தி எழுதியிருப்பார்கள்.)

இப்போது தமிழ்நாட்டில் நடை மாற்றுகிற மிகப் பெரிய கூட்டம் மின் ஸ்கூட்டர்க்காரர்கள்தாம். ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டரில் சிக்கனம், சவாரி, ஸ்போர்ட், அதற்கும் மேலே 'வார்ப்' என்று நடைகள். மின்வண்டியில் இந்தத் தேர்வுக்கு ஒரு கண்கூடான விலை உண்டு. துள்ளித் துள்ளிப் போனால் மின்கலம் சீக்கிரம் வற்றும். இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்ற எண் கண்முன்னே குறையும். ஆகவே காலையில் பள்ளிக்குக் கிளம்பும் ஓர் ஆசிரியை, எந்த நடையில் போவது என்பதைப் பெரும் கார் உரிமையாளரைவிடக் கவனமாகவே முடிவு செய்கிறார் எனலாம். அவருக்கு நடை என்பது கணக்கு. கார்க்காரருக்கு அது மனநிலை.

இனி ஒத்தக்கடைக்கு வருவோம். மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருச்சிக்கும் சென்னைக்கும் போகும் நான்கு வழிச் சாலை இது. மாட்டுத்தாவணியைத் தாண்டினால் 2004-இல் தொடங்கிய உயர்நீதிமன்றக் கிளை; அப்புறம் யானைமலை; அதன் அடியில் ஒத்தக்கடை. வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள், வழக்குக் கட்டோடு போகும் கட்சிக்காரர்கள், ஷேர் ஆட்டோ, வைக்கோல் ஏற்றிய டிராக்டர், எதிர்த்திசையில் ஓரமாக வரும் மோட்டார் சைக்கிள் என்று எல்லாம் இதில் உண்டு. சென்னையிலிருந்து வரும் விலையுயர்ந்த கார் ஒன்று எப்போதாவது இந்த இடத்தைக் கடக்கிறது. அதன் திருகு எந்த நடையில் இருக்கிறது என்பது அந்தக் காருக்குள் இருப்பவரின் சொந்த விஷயம் என்று எண்ண முடியவில்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் இருசக்கர வண்டியில் இருந்தவர்கள். ஐந்தில் ஒரு பங்கினர் நடந்து போனவர்கள். பத்து சாவுகளில் ஏழுக்கு அதிவேகமே காரணம் என்று அதே கணக்கு சொல்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு. விளையாட்டுக் கார்களால் வந்த சாவுகள் இவற்றில் மிகச் சொற்பமாகவே இருக்கும். அவற்றின் மீது இந்தப் பழியைப் போடவில்லை. நாம் சொல்ல வருவது வேறு. 'ஸ்போர்ட்' என்ற சொல் ஒரு காலத்தில் சில நூறு கார்களில் இருந்தது. இன்று எட்டு லட்ச ரூபாய்க் காரிலும் ஸ்கூட்டரிலும் அது இருக்கிறது. பொதுச் சாலைக்கு விளையாட்டுத் திடல் என்று பெயர் எழுதிய பலகையை நாமே நம் கட்டைவிரலுக்கு அருகில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஸ்போர்ட்டுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். டிராக்டரை முந்துவதற்கு இடம் கிடைக்கும்போது தயங்கித் தயங்கி ஏறும் கார்தான் ஆபத்து. சட்டென்று பதில் தரும் எஞ்சின் அங்கே பாதுகாப்பே. போர்ஷே நிறுவனத்தார் இதை அழகாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களது 911 காரில் விரும்பி வாங்கினால் கிடைக்கும் நடைத் திருகின் நடுவே ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் இருபது வினாடிகளுக்கு மட்டும் எஞ்சினும் கியரும் முழு விழிப்போடு இருக்கும். எத்தனை வினாடி மிச்சம் என்று எதிரே எண்ணிக்கை ஓடும். பிறகு கார் தானே பழைய நடைக்குத் திரும்பிவிடும். முந்துவதற்கு இருபது வினாடி தாராளம். வேகத்தை இப்படித் தவணை குறித்துக் கொடுப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. நாள் முழுதும் ஸ்போர்ட்டில் வைத்துக்கொண்டு ஒத்தக்கடைச் சந்திப்பில் உறுமியபடி நிற்பதில்தான் இருக்கிறது ஆட்சேபம்.

ஃபெராரியை எடுத்துக்கொண்டால், 2004-இல் அறிமுகமான எஃப்430 காரில்தான் அவர்கள் நடைத் திருகை ஸ்டீயரிங்கிலேயே வைத்தார்கள். பனிக்கட்டி, வழுக்குத் தரை, ஸ்போர்ட், பந்தயம், எல்லாக் கட்டுப்பாடும் நீங்கிய நிலை என்று ஐந்து. பட்டியலில் 'இயல்பு' என்று ஒன்று இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; இந்தக் காரின் அகராதியில் ஸ்போர்ட்டுக்கே இயல்பு என்று பொருள். ஆனால் பின்னர் வந்த 458 இத்தாலியாவில் ஒரு தனிப் பொத்தானைச் சேர்த்தார்கள். எந்த நடையில் இருந்தாலும் அதிர்வுதாங்கிகளை மட்டும் இளக்கிக் கொடுப்பது அது. மேடுபள்ளச் சாலைக்கு என்றே வைத்தது. எஞ்சின் பந்தயத்தில் இருக்கட்டும், சக்கரங்கள் மட்டும் தரையோடு இணங்கிப் போகட்டும் என்று. பந்தயக்காரர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஓர் உண்மையை இப்பொத்தான் ஒப்புக்கொண்டது: இறுக்கம் எப்போதும் வேகம் ஆகாது, குண்டும் குழியுமான தரையில் இறுகிய சக்கரம் துள்ளும், துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. இத்தாலிய மலைச்சாலைகளை நினைத்துச் செய்ததாக இருக்கலாம். நம் கிராமச் சாலைகளின் வேகத்தடைகள் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் பொத்தானை இன்னும் பெரிதாக வைத்திருப்பார்கள்.

பந்தயத்திலேயே இந்த நடை விளையாட்டு எல்லை மீறியதும் உண்டு. ஃபார்முலா ஒன் போட்டிகளில், தகுதிச் சுற்றுக்கு மட்டும் எஞ்சினை உச்சத்துக்குக் கொண்டுபோகும் ஒரு நடையைச் சில அணிகள் வைத்திருந்தன. 2020-இல் இத்தாலியின் மோன்சா பந்தயத்திலிருந்து அது தடை செய்யப்பட்டது. தகுதிச் சுற்றுக்கு எந்த எஞ்சின் நடையோ அதுவே பந்தயத்துக்கும் என்று விதித்தார்கள். விளையாட்டுத் திடலில் செல்லாது என்று விலக்கியதைச் சாலையில் தாராளமாக விற்கிறோம்.

நடை பற்றி நம் மண்ணில் வேறொரு மரபு இருக்கிறது. திருவரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாட்டைக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிம்மகதி, கஜகதி, சர்ப்பகதி என்று அங்கே நடைகளுக்குப் பெயரே உண்டு; 'நடையழகு' என்றால் திருவரங்கம் என்பது வழக்கு. இவற்றை நிகழ்த்துவோர் தோளில் தண்டு தாங்கும் ஸ்ரீபாதந்தாங்கிகள். யாரும் ஒரு பொத்தானைத் தொடுவதில்லை. பலருடைய கால்கள் ஒரே சமயத்தில் மாறுகின்றன. எந்த இடத்தில் எந்த கதி என்பதை வாசலும் படியும் திருப்பமும் தீர்மானிக்கின்றன. சிம்மகதி பிடித்திருக்கிறதே என்று வழியெல்லாம் அதிலேயே போகிற வழக்கம் இல்லை. இடம் கேட்கிற நடையைத் தோள் கொடுக்கிறது. ஒத்தக்கடையிலேயே இதற்குச் சான்று உண்டு. சாலைக்கு ஒரு பக்கம் திருமோகூர். மறுபக்கம் யானைமலையைக் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில். மாசி மகத்தையொட்டித் திருமோகூர்க் காளமேகப் பெருமாள் கஜேந்திர மோட்சத்துக்காக யானைமலை அடிவாரத்துக்கு எழுந்தருள்கிறார். வழியில் நான்கு வழிச் சாலையைக் கடந்தாக வேண்டும். அந்த வேளையில் எத்தனை குதிரைத் திறனாயினும் பெருமாளின் நடைக்குக் காத்துத்தான் நிற்க வேண்டும்.

கார்களில் இந்த மரபுக்கு நெருங்கிவந்த ஒன்றைத் தேடினால் நமக்குக் கிடைப்பது மழை நடை ஒன்றுதான். மறுபடியும் போர்ஷேயின் பக்கமே போக வேண்டியிருக்கிறது. 992 என்ற குறியீட்டோடு 2019-இல் வந்த 911 காரில், முன்சக்கரங்களின் மேற்கூட்டில் காதுகளை வைத்தார்கள். மெய்யாகவே காதுகள், ஒலியை உணரும் கருவிகள். ஈரச் சாலையில் சக்கரம் வாரி அடிக்கும் நீர் கூட்டில் மோதும் ஓசையை அவை கேட்கின்றன. கேட்டதும் கார் முதலில் தன் சமநிலைக் கட்டுப்பாடுகளை எச்சரிக்கையாக வைத்துக்கொள்கிறது. பிறகு, சாலை நனைந்திருக்கிறது, மழை நடைக்கு மாறலாம் என்று ஓட்டுநரிடம் சொல்கிறது. தானாக மாறுவதில்லை. மாற்றுவது ஓட்டுநரின் விரல். மாற்றியபின் மிதியின் துடுக்கு அடங்குகிறது, கியர்கள் முன்னதாகவே ஏறிவிடுகின்றன, பின்சக்கரங்களுக்குப் போகும் விசை அளந்து தரப்படுகிறது.

இந்த இரண்டு கார்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2011-இன் எம்5 ஒலியைச் செய்து காரின் உள்ளே அனுப்பியது. 2019-இன் 911 வெளியே சாலையின் ஒலியைக் கேட்டது. இரண்டும் ஜெர்மானியப் பொறியாளர்களின் வேலைதான். திறமைக்கும் செலவுக்கும் குறைவில்லை. ஆனால் முதலாவது வாங்குகிறவரைப் பற்றிய அறிவிலிருந்து பிறந்தது. இரண்டாவது சாலையைப் பற்றிய அறிவிலிருந்து பிறந்தது. ஒரு திருகில் ஐந்து நடைகள் எழுதியிருந்தால் அவற்றில் எத்தனை சாலையைச் சொல்கின்றன, எத்தனை ஓட்டுநரின் தன்மதிப்பைச் சொல்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் மழை ஒன்றே முதல் வகையில் தேறும். மழை என்பது வெளியே இருக்கும் ஒரு பொருள். பெய்கிறதா இல்லையா என்று யாரும் எட்டிப் பார்த்துச் சொல்லலாம். ஸ்போர்ட் அப்படி அன்று. அது எங்கே பெய்கிறது?

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மேலூர்ச் சாலையின் ஓரத்தில் தண்ணீர் தேங்கும், குழி எது தேக்கம் எது என்று தெரியாது, முன்னால் போகும் பேருந்து சேற்றை வாரி இறைக்கும். அப்போது 911-க்கும் ஆர்.ஆர். 310-க்கும் கிடைக்கிற உதவி ஒரே தன்மையது. இரண்டும் குறைவாகத் தருகின்றன. நாற்பது ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டிய மனிதருக்கு எந்தத் திருகும் இல்லாமலேயே இது தெரிந்திருந்தது என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அவருடைய கால் நாற்பது ஆண்டில் கற்றதை, நேற்று உரிமம் வாங்கிய பையனின் பைக்குக்குள் எழுதி வைப்பது சிறுமைப்பட வேண்டிய காரியமன்று. கற்ற கால்களுக்கு மாற்றாக அது இல்லை. கல்லாத கால்கள் பிழைத்திருந்து கற்றுக்கொள்ள அவகாசம் தருகிறது.

ஆகவே தமிழ்நாட்டில் வண்டி செய்கிறவர்களுக்கு நாம் ஒரு சொற்பட்டியல் தரலாம் என்று நினைக்கிறோம். ஒரகடத்திலும் ஓசூரிலும் செங்கற்பட்டுப் பக்கத்திலும் உட்கார்ந்து உலகத்துக்கே வண்டி வடிவமைக்கிறவர்கள் இருக்கிறார்கள். திருகின் மேல் மழை இருக்கட்டும். அதன் அடுத்து 'சந்தை' என்று ஒன்று: நடைவேகத்தில் ஊர்ந்துபோக, மிதியில் துளியும் துடுக்கு இல்லாமல். பிறகு 'பள்ளி விடும் நேரம்': ஒரு வேகத்துக்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் மசியாதது. 'குண்டும் குழியும்' என்பதற்கு ஃபெராரியிடமிருந்தே கடன் வாங்கலாம். 'முந்த' என்று ஒன்று, இருபது வினாடிக் கெடுவோடு. ஸ்போர்ட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் வாசலைத் தாண்டிய பிறகே அந்தச் சொல் திருகில் ஒளிரும்படி செய்யலாம். வண்டி எங்கே நிற்கிறது என்பதை விண்கோள் வழியாக அறியும் வசதி இப்போது சாதாரண ஸ்கூட்டரிலேயே வந்துவிட்டது.